கழுவிய பெட்ரோல்

காலை எட்டு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது பக்கத்து வீட்டு மதில் மேல் இருந்த ஒரு கண்ணாடி பாட்டில். அடியில் தண்ணீர், மேலே இளமஞ்சளாகப் பெட்ரோல், இரண்டுக்கும் நடுவில் கத்தியால் கீறியது போல ஒரு கோடு. அந்தக் கோட்டின் உயரத்துக்குக் கண்ணை இறக்கி, முழங்காலில் கை ஊன்றி, ஒருவர் குனிந்து நின்றிருந்தார். பத்திரிகை வேலையில் உத்தமபாளையத்துக்கு மாற்றலாகி வந்து, அந்த வாடகை வீட்டில் நான் கண் விழித்த முதல் நாள் அது.

அவர் நிமிர்ந்தார். யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை. பாட்டிலைக் காட்டினார்.

"ரெண்டு விரக்கட தண்ணி ஊத்துனேன் சார். குலுக்கி வச்சா மூணு விரக்கட நிக்கிது. கூடுன ஒரு விரக்கட யாரு ஊத்துனது?"

இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்துதான் விற்கிறார்கள். தண்ணீர் பட்டால் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். அதனால் கோடு ஏறும். எனக்கு அந்த அளவுக்குத் தெரியும். சட்டப்படி கலப்பதுதான், பங்க்கிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்களே என்றேன். எழுதிப் போட்டுவிட்டுக் கலந்தால் அது கலப்படம் இல்லையா என்று கேட்டார். கோபமாக அல்ல. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல.

அதற்கு அடுத்த கோடையில்தான் அவர் மனைவியின் தம்பி சகாயம் வண்டியிலிருந்து விழுந்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் டெஸ்டர். விடியுமுன் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் ஊர்க்காரர்கள் கேனோடு வரிசையில் நிற்பார்கள். அவர் பாலை முகந்து குழாயில் ஊற்றி லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார். தண்ணீர் கலந்த பால் என்றால் கேனைத் திருப்பிவிடுவார். அவருடைய மாமனாரின் தம்பி கொண்டுவந்த கேனை அப்படித் திருப்பிய காலையில் நான் அங்கே இருந்தேன். பெரியவர் கேனைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனார். அந்த வருஷம் மாதா கோயில் திருவிழா விருந்தில் அந்தக் குடும்பம் இவர்கள் இருந்த வரிசையில் உட்காரவில்லை. அதைப் பற்றி அவர் மனைவியிடம் கேட்டேன். இவுக வேறு எப்படி இருப்பாக, எனக்குப் பழகிருச்சு என்றார்.

வீட்டிலும் அதே ஆள்தான். போடியிலிருந்து யாராவது ஏலக்காய் கொடுத்தனுப்பினால் நாலு காயைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பச்சைச் சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பார். காப்பித்தூளைத் தண்ணீரில் தூவிச் சிக்கரி மூழ்குகிறதா என்று பார்ப்பார். ஒரு கல்யாணப் பந்தியில் இலையில் விழுந்த நெய்யை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்ததைப் பெண் வீட்டார் பார்த்துவிட்டார்கள்.

சொசைட்டிக்கு எதிரில் இருந்த டீக்கடையில் அவரைப் பார்த்ததும், "டெஸ்டர் வாராக, பாலுக்குள்ள இருக்க தண்ணிய எந்திரிச்சு வெளிய வரச் சொல்லுங்கப்பா" என்பார் மாஸ்டர். பெஞ்சில் இருப்பவர்களுக்கு இன்னொரு கேலியும் கைவசம் இருந்தது. அவர் வைத்திருந்தது டூ-ஸ்ட்ரோக் வண்டி. அந்த இன்ஜினுக்குப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றினால்தான் உயிர். கலக்காவிட்டால் கொஞ்ச தூரத்திலேயே எரிந்துபோகும். "ஊரு பாலுக்கெல்லாம் டிகிரி பாக்குறீக. ஒங்க வண்டிக்கு ஒரு நா கலக்காம ஊத்துங்களேன், பாப்போம்" என்பார்கள்.

அவர் சிரிக்கமாட்டார். "அது நான் கலக்குறது. எம்புட்டுன்னு எனக்குத் தெரியும்" என்பார்.

அவரை ஒரே வரியில் எழுதச் சொன்னால் நான் இதைத்தான் எழுதுவேன்.

வண்டி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்றது. பழைய நூறு சிசி. விளக்கு, மட்கார்டு, பக்கத் தகடு எல்லாம் கழற்றப்பட்டு, முள்ளு டயரும் உயரமான ஹேண்டில்பாரும் மாட்டியிருக்கும். கோடையில் கண்மாய் காய்ந்ததும் இந்தப் பக்கம் மண் ரேஸ் நடத்துவார்கள். கண்மாய்க்குள்ளேயே டிராக்டர் விட்டு மேடு பள்ளம் எழுப்பி, சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டினால் பந்தயத் தடம் தயார். ஒரு காலத்தில் அவரே ஓட்டியவர். அப்படி ஓட்டிய ஒரு நாளில், முழு வேகத்தில், இன்ஜின் பிடித்துக்கொண்டது.

பிடித்துக்கொள்வது என்றால் பிஸ்டன் சூடேறி உப்பிச் சிலிண்டரோடு இறுகிப் போவது. பெட்ரோல் தீர்ந்தால் வண்டி உருண்டு நிற்கும். பிடித்துக்கொண்டால் உருளாது. பின் சக்கரம் அந்த நொடியே இறுகிவிடும். மேலே இருப்பவன்தான் தொடர்ந்து போவான். அவருடைய வலது மணிக்கட்டு அன்று உடைந்து கோணலாகக் கூடியது. அந்தக் கையால் லாக்டோமீட்டரைப் பிடிக்க முடியும். ஆக்ஸிலேட்டரைத் திருக முடியாது.

அதற்குப் பிறகு சகாயம் ஓட்டினான். திராட்சை ஏற்றும் பிக்கப் வண்டிக்கு டிரைவர். தாய் தகப்பன் இல்லாதவன். பள்ளிக்கூட நாளிலிருந்து அக்காவின் வீட்டில்தான் வளர்ந்தான். ரேஸுக்கு அக்கா கடைசியில் சம்மதித்தார். சம்மதித்த அன்று கொட்டகை வாசலில் நின்று புருஷனிடம் அவர் சொன்னதை நான் கேட்டேன்.

"வண்டி நின்னுபோனாப் பரவால்ல. பிடிச்சுப் போகக் கூடாது. அத மட்டும் நீங்க பாத்துக்கங்க."

அவர் தலையசைத்தார். அன்றிலிருந்து அந்த வண்டிக்கு அவர் செய்த ஒவ்வொரு வேலையும் இந்த ஒன்றுக்காகத்தான். வேகத்துக்காக அவர் மெனக்கெட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. வேகம் கேட்டவன் சகாயம். அவன் கேட்டதற்காகச் சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கடையக் கொடுத்தார். மற்றபடி அவர் கவலை முழுக்கச் சூடுதான்.

காலையில் பால் வேலை முடிந்து வந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்ப்பார். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கமாட்டார், நிறம் பொய்யாகத் தெரியும் என்பார். பிளக்கின் முனை கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்ஜின் கொதிக்கிறது. காப்பி நிறமாக இருந்தால் சரி. "சிக்கரி இல்லாத காப்பி" என்பான் சகாயம், பின்னால் நின்றுகொண்டு.

பங்க் பெட்ரோலில் அந்த நிறம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஒரு நாள் தவிட்டு நிறம், ஒரு நாள் சுண்ணாம்பு. எத்தனால் கலந்தால் அதே அளவு பெட்ரோல் போதாமல் போகும், சூடு ஏறும், பிடிக்கும் என்று அவர் சொன்னார். அதில் தப்பில்லை. அவர் சொன்னது பாதி விஷயம்தான், ஆனால் அந்தப் பாதி முழுக்கச் சரி.

ஹெட்டைக் கடைந்து கொடுத்தவர் கம்பத்தில் லேத் பட்டறை வைத்திருந்த ஒரு பாய். ஹெட்டைக் குறைத்தால் உள்ளே போகிற பெட்ரோலும் காற்றும் இன்னும் சின்ன இடத்தில் நசுங்கும், இழுவை கூடும். வேலை முடிந்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். பிளக் வெளுக்கிற கதையை டெஸ்டர் சொன்னார். தண்ணீர் விட்டு எத்தனாலைக் கழுவி எடுத்துவிட்டு ஊற்றப் போவதையும் சொன்னார். பாய் கையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"டெஸ்டரே, வெளுத்தா கார்புரேட்டர் ஜெட்ட ஒரு நம்பர் பெருசாப் போடுங்க, பெட்ரோல் கூட எறங்கும். தீந்துச்சு. பங்க்ல என்ன தாரானோ அதையே ஊத்துங்க. கழுவுற சோலி வேணாம்."

"கலப்படத்தோடயா ஊத்தச் சொல்றீக?"

"நீங்க கலப்படங்கிறீகளே, அதுதான் உள்ள அவசரப்பட்டு வெடிக்காம பிடிச்சு நிறுத்துது. ஹெட்ட இம்புட்டுக் கொறச்சாச்சு. இனி அத எடுத்துட்டா மிச்சத்துக்குத் தாங்குற சக்தி இருக்காது. பால்ல தண்ணிய எடுத்தா பாலு நிக்கும். இது பாலில்லங்க."

நான் பிற்பாடு விசாரித்ததில் பாய் சொன்னது சரி என்று தெரிந்தது. எத்தனால் சேரப்போகிறது என்ற கணக்கோடுதான் பெட்ரோலையே தயாரிக்கிறார்கள். எத்தனாலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பழைய சுத்தப் பெட்ரோல் அல்ல. அதைவிடத் தரம் குறைந்த ஒன்று. இறுக்கமான ஹெட்டுக்குள் அது வெடிக்கவேண்டிய விதத்தில் வெடிக்காது. சுத்தியலால் அடிப்பது போல பிஸ்டன் தலையில் அடிக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். அனுமந்தன்பட்டி தாண்டியது. பிறகு சொன்னார்.

"பாய் நல்லவக சார். ஆனா அவகளுக்கும் கலப்படம் பழகிப்போச்சு."

கழுவுவதை ஒரு பூசை போலச் செய்தார். அடியில் குழாய் வைத்த வெள்ளைக் கேன். போர்த் தண்ணீரில் உப்பு இருக்கிறது என்று, பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரை வாங்கி வந்தார். பெட்ரோலையும் தண்ணீரையும் ஊற்றிக் கேனைத் தொட்டில் போல ஆட்டி, ஒரு ராத்திரி அசையாமல் வைப்பார். காலையில் குழாயைத் திறந்து அடித் தண்ணீரை இறக்குவார். பாட்டிலில் சோதித்துப் பார்ப்பார். கோடு கொஞ்சம் ஏறினாலும் மறுபடி கழுவுவார். கோடு அசையாத அன்று, அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்த வெள்ளை வேட்டியோடு என்னைக் கூப்பிட்டு முகரச் சொன்னார். சின்ன வயதில் பங்க்கில் அடித்த வாடை இதுதான் என்றார். சகாயம் மூக்கைக் கேன் வாயில் வைத்து இழுத்துவிட்டு, "மாமா, வண்டிக்கு எதுக்கு ஊத்திக்கிட்டு? நம்மளே குடிச்சிருவோம்" என்றான். அடுப்படியில் இருந்த அக்கா சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் கேட்டது மிகக் குறைவு.

கழுவிய பெட்ரோலில் வண்டி நன்றாக ஓடியது. இதையும் எழுதத்தான் வேண்டும். சின்னமனூருக்குக் கிழக்கே ஒரு காய்ந்த கண்மாயில் சகாயம் ஓட்டிப் பார்த்த மாலையில் நானும் டெஸ்டரும் கரையில் இருந்தோம். சத்தம் முன்பைவிடக் கூர்மையாக இருந்தது. எதிர்க்கரையை ஒட்டிய நேர் பாதையில் அவன் முழுக்க முறுக்கியபோது, அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. தகர டப்பாவில் பொடிக்கல்லைப் போட்டு ஆட்டுவது போல. மெல்லியது. சகாயம் வந்து நின்றதும் அதைச் சொன்னேன். இன்ஜின் கலகலப்பா இருக்கு சார் என்றார் அவர்.

பிளக்கைக் கழற்றி மேற்கு வெயிலில் பிடித்தார். காப்பி நிறம். அத்தனை நாளாக அவர் தேடிய நிறம். என் கையில் கொடுத்தார். வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத் தூள் சிந்தியது போலச் சில புள்ளிகள் இருந்தன. ஒன்றிரண்டு புள்ளிகள் வெயிலில் மினுங்கின. இது என்ன என்று கேட்டேன். ஆயில் கரி என்றார். ஆயிலில்தான் ஏதோ கலப்பு இருக்கிறது, வேறு கம்பெனி மாற்றினால் போய்விடும் என்று சொல்லித் துணியால் துடைத்தார். அடுத்த வாரம் விலை கூடிய ஆயில் வாங்கினார்.

பால் கேன் ஒன்றில் ஒரு துளிச் சந்தேகம் வந்தாலும் மூன்று முறை சோதிக்கிறவர் இந்தப் புள்ளிகளைச் சோதிக்கவில்லை. அசட்டை அல்ல. ஒரு பொருளில் குறை என்றால் அதில் எதையோ சேர்த்திருக்கவேண்டும் என்பது அவர் அறிந்த உலகம். எதையோ எடுத்ததால் வரும் குறை அவருக்குத் தெரியாது. அதை அளக்கும் கருவி அவரிடம் இல்லை.

ரேஸ் மே மாதத்தில் ஒரு ஞாயிறு. கரை முழுக்கக் கூட்டம். ஐஸ் வண்டி, கரும்புச் சாறு, மைக்கில் ஒருவர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். அக்கா வரவில்லை. அவர் எப்போதும் வருவதில்லை. நான் மாவட்டப் பக்கத்துக்கு நாலு வரி எழுதுவதற்காகக் கரையில் நின்றேன். டெஸ்டர் என் இடது பக்கம் நின்றார்.

மூன்றாவது சுற்றில் சகாயம் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தான். நேர் பாதையில் முன்னால் போனவனைப் பிடிக்க முறுக்கினான். சத்தம் ஏறியது. ஏறிய இடத்திலேயே அறுந்தது.

"பிடிச்சிருச்சு" என்றார் அவர்.

அவர் அதைச் சொல்லும்போது சகாயம் இன்னும் வண்டி மேல்தான் இருந்தான். புழுதியில் பின் சக்கரம் ஒரு கோடு இழுத்தது. அவன் ஹேண்டில்பாருக்கு மேலே போய் முதுகு தரையில் பட விழுந்தான். பின்னால் வந்த வண்டிக்கு ஒதுங்க இடமில்லை. கிளட்சைப் பிடித்துப் பின் சக்கரத்தை விடுவித்திருந்தால் தப்பித்திருப்பான் என்று கரையில் பலர் பேசினார்கள். நான் பார்த்த அளவில் அதற்கு நேரம் இல்லை.

முதலில் தேனி ஆஸ்பத்திரி, அங்கிருந்து மதுரை. முதுகுத் தண்டு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, திரும்பி வர வாய்ப்பு குறைவு என்று டாக்டர் அக்காவிடமும் அவரிடமும் சேர்த்தே சொன்னார். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கை வேலை செய்யுமா? செய்யும் என்றார்கள்.

சகாயம் பேச ஆரம்பித்த நாளில் நான் போயிருந்தேன். டெஸ்டர் கஞ்சித் தம்ளரோடு கட்டிலை நெருங்கினார். அவன் அவரைப் பார்த்தான்.

"வண்டி சுத்தமா ஓடுச்சு மாமா. எந் தப்புதான். கிளட்சப் பிடிச்சிருக்கணும்."

அவர் தம்ளரை ஜன்னல் திண்டில் வைத்தார். பிறகு எடுத்தார். பிறகு திரும்பவும் வைத்தார்.

சில நாள் கழித்து, என் ஆபீஸ் அறைக்குத் துணிப்பை ஒன்றோடு வந்தார். பையில் ஒரு பாட்டில். பங்க்கிலிருந்து நேராகப் பிடித்து வந்த பெட்ரோல். அடியில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, கோடு எங்கே இருந்தது எங்கே ஏறியது என்று வெளியே மையால் குறித்திருந்தார். கலப்படப் பெட்ரோலால் ஒரு பையன் முடங்கிப்போனான் என்று பேப்பரில் போடச் சொன்னார். படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இந்தப் பெட்ரோலா வண்டியில் போனது என்று கேட்டேன்.

இல்லை, அது கழுவியது என்றார்.

"கழுவுனதுக்கு அப்புறம் அதுல என்ன கலந்திருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல சார்" என்றார் உடனே. மேஜை மேல் பாட்டிலைப் பார்த்தார். வெளியே பஸ் ஸ்டாண்டில் மதுரை, மதுரை என்று கூவிக்கொண்டிருந்தார்கள். மறுபடி சொன்னார். குரல் வேறாக இருந்தது. "ஒண்ணுமே இல்ல."

செய்தி போடச் சொல்லி அவர் மறுபடி கேட்கவில்லை. பாட்டிலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

இன்ஜினை அவரே கம்பத்துக்குக் கொண்டுபோனார். பாய் ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டனை வெளியே எடுத்து பெஞ்சில் வைத்தார். பிஸ்டனின் தலையில் ஓரமாக ஒரு ஓட்டை, சுற்றிலும் எறும்பு அரித்தது போலச் சின்னச் சின்னக் குழிகள். பிளக்கில் மினுங்கிய புள்ளிகள் ஆயில் கரி அல்ல, பிஸ்டனின் அலுமினியம் துகள் துகளாகப் பெயர்ந்து வந்தது என்று பாய் என்னிடம் பிறகு சொன்னார். டெஸ்டரிடம் அதைச் சொல்லவில்லையாம். அவர் கேட்கவும் இல்லையாம். "சுண்டுவிரல அந்த ஓட்டைக்குள்ள விட்டாக. எடுக்கவே இல்ல. டீ வாங்கிக் குடுத்தேன், ஆறிப்போச்சு" என்றார் பாய். முன்பு சொன்னதை நினைவுபடுத்தவில்லையா என்று கேட்டேன். பாய் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு லேத்தை ஓட்டினார்.

சகாயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரம். முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் வாசற்படியை ஒட்டிய நாற்காலியில் இருந்தேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டே புருஷனிடம் கேட்டார். நிமிரவில்லை.

"அன்னைக்குத் தம்பி வண்டிக்கு எந்தப் பெட்ரோல் ஊத்துனீக?"

"நான் கழுவுனது."

"அப்ப ஒண்ணும் கலந்திருக்காதுல்ல?"

கீரைத் தண்டை ஒடிக்கும் சத்தம் நின்றது. டெஸ்டர் கட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"கலக்கல" என்றார்.

அக்கா தலையை ஆட்டினார். "அப்ப ஆண்டவரு விட்ட வழி" என்று சொல்லிவிட்டு மறுபடி ஒடிக்க ஆரம்பித்தார். டெஸ்டர் எழுந்து பின்பக்கம் போனார். அங்கே கொட்டகைக் கதவைத் திறக்கும் சத்தமோ வேறு எந்தச் சத்தமோ கேட்கவில்லை.

நான் அந்த ஊரில் இருந்த மீதி நாட்களில் அவர் வழக்கம்போல வேலைக்குப் போனார். வரிசை மட்டும் மெதுவாக நகர்ந்தது. ஒரே பாலை ரெண்டு தடவை, மூணு தடவை பாக்காக, வெயிலேறிப் பால் திரிஞ்சு போகுது என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள். டீக்கடையில் யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. ஒரு காலையில் மாமனாரின் தம்பி கேனோடு நின்றார். டெஸ்டர் டிகிரி பார்த்தார். திரும்பப் பார்த்தார். கேனை உள்ளே வாங்கிக்கொண்டார். பாலில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. அக்காவோடு அவ்வப்போது போனில் பேசுவேன்.

படுக்கைப் புண் வராமல் இருக்க, சகாயத்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். பகலில் அக்கா புரட்டுகிறார். இரவில் அவர்.